எட்டு பிவிசி, ஓடுனது ஒண்ணு

போன் கம்பில நெட் குடுத்த பழைய டிஎஸ்எல் மோடம் ஏதாவது பரண்ல கிடந்தா எடுத்து, தூசி தட்டி, பவர் குடுத்து 192.168.1.1-ல உள்ள போய்ப் பாருங்க. வேன் செட்டிங்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல பிவிசி0-லேர்ந்து பிவிசி7 வரைக்கும் எட்டு வரிசை. பிவிசின்னா ஒரே கம்பிக்குள்ள முன்கூட்டியே போட்டு வைக்கற தனிப்பாதை, சுருக்கமா விசி. பெரும்பாலும் முதல் வரில மட்டும் விபிஐ 0, விசிஐ 35-ன்னு பாதையோட நம்பர், பக்கத்துல யூபிஆர்னு போட்டிருக்கும், மத்த ஏழும் சும்மா கிடக்கும். அதுக்குக் கீழ பிசிஆர், எஸ்சிஆர், எம்பிஎஸ்னு மூணு கட்டம், மூணுலயும் 0, அர்த்தம் பின்னாடி சொல்றேன். லட்சக்கணக்கான வீட்ல வருசக்கணக்கா நெட் ஓடுனது இப்படித்தான், யாரும் அந்த ஏழு வரியையும் மூணு சைபரையும் தொட்டதே இல்ல. எனக்கு இருக்குற பெரிய ஆதங்கமே இதுதான். "ஸ்பீடு பத்தல, ஸ்பீடு பத்தல"ன்னு ஜனங்க கத்துன லைன்ல நிறைய இடத்துல குறை ஸ்பீடுல இல்ல, யாரு பின்னாடி யாரு நிக்கிறாங்கங்குறதுலதான் இருந்துச்சு. அதை சரி பண்ற சாமான் அந்தப் பக்கத்துலயே இருந்துச்சு.

நான் இந்த லைன்ல வேலை பார்த்தது கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், நல்லேப்பிள்ளி, மீனாட்சிபுரம்னு சித்தூர் தாலுக்காவைச் சுத்தி. ஆந்திராவுல இருக்குற சித்தூர் இல்லீங்க, பாலக்காட்டுச் சித்தூர். ஆபீஸ் போர்டு மலையாளத்துல இருக்கும், சந்தைல பேச்சு தமிழ்ல இருக்கும், தமிழ் மீடியம் பள்ளிக்கூடமும் இருக்கும், கல்யாணத் துணி எடுக்க கோயமுத்தூரு, தாலுக்கா வேலைக்கு சித்தூரு. கம்ப்ளெய்ன்ட் மட்டும் ரெண்டு பாஷைலயும் வரும். "நெட்டு இழையுதுங்க"ன்னு ஒருத்தர் வைக்கறதுக்குள்ள அடுத்த போன்ல "நெற்று ஸ்லோ ஆணு"ன்னு இன்னொருத்தர்.

இந்தப் பக்கத்து லைனுங்க எல்லாமே நீளம். எக்ஸ்சேஞ்ச் ஊருக்குள்ள இருக்கும், வீடு தென்னந்தோப்புக்கு நடுவுல மூணு நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஏடிஎஸ்எல்2+ பேப்பர்ல 24 எம்பிபிஎஸ், ஆனா அது எக்ஸ்சேஞ்ச் வாசல்ல குடியிருக்கறவங்களுக்கு. நாலு கிலோமீட்டர் தாண்டுனா அட்டெனுவேஷன், அதாவது சிக்னல் தேயுறது, 50 டிபிக்கு மேல போயிரும், மேல் அலைவரிசைல இருக்குற டோன் எல்லாம் செத்துரும், ரெண்டு மூணு எம்பி வேகத்துல மோடம் எக்ஸ்சேஞ்சோட சிங்க் ஆனாலே கும்பிட்டுக்கலாம். ஆனி ஆடியில கணவாய்க்காத்து ஓவர்ஹெட் ட்ராப் ஒயரை ஆட்டுற ஆட்டம் தனி, ஐப்பசி இடிக்கு மோடம் போறது தனி. அப்லோடு பக்கம் இன்னும் மோசம். டிஎஸ்எல் டிசைனே அப்படி, பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் விட்டுட்டு, சாதாரண அனெக்ஸ்-ஏ வகைல சுமார் 26-லேர்ந்து 138 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் மேல ஏத்துறதுக்கு, அதுக்கு மேல இருக்குறது எல்லாம் கீழ இறக்குறதுக்கு. அதுலயும் பிளான்ல 256 கேபிபிஎஸ்னு மூடி போட்டு வச்சிருப்பாங்க.

கொழிஞ்சாம்பாறைல ஒரு போட்டோ ஸ்டுடியோ. கீழ கடை, மேல வீடு, ஒரே லைன். கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணி ஃபைலை கோயமுத்தூர் பிரஸ்ஸுக்கு ஏத்துவாரு அண்ணன். மேல அம்மா சாயந்தரமான சார்ஜாவுல இருக்குற மககிட்ட நெட் வழியா பேசுவாங்க. அண்ணன் கூப்பிட்டாரு. "தம்பி, டெஸ்ட் போட்டா ரெண்டு எம்பி காட்டுதுங்க. ஆனா அம்மா பேசுறது என்ற தங்கச்சிக்குக் கிணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி இருக்குங்கறா. மீட்டர் பொய் சொல்லுதா, போன் பொய் சொல்லுதா?"

ரெண்டும் பொய் சொல்லல. கடைல உக்காந்து பிங் போட்டேன், சின்ன பாக்கெட் ஒண்ணு போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்க. லைன் சும்மா இருக்குறப்ப 38, 41, 39 மில்லிசெகண்ட். "அண்ணா, இப்ப ஆல்பத்தை ஏத்துங்க"ன்னேன். ஏத்த ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல 300, அப்புறம் 900, 1400, 1900, நடுவுல ஒரு டைம்டு அவுட், மறுபடி 2050. நிறுத்தச் சொன்னதும் ரெண்டு செகண்ட்ல 40-க்குத் திரும்பிருச்சு. அண்ணன் ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தாரு, "ஓ, என்ற ஆல்பந்தான் அம்மா வாயை அடைக்குதா"ன்னாரு. அவ்வளவுதான் டயக்னோசிஸ், மீட்டர் கீட்டர் ஒண்ணும் வேண்டாம்.

அந்த 2000 எங்கிருந்து வருதுன்னு கணக்குப் போட்டா சுலபம். மோடத்துக்குள்ள 64 கிலோபைட் அளவுக்கு பஃபர், அதாவது டேட்டா காத்திருக்கற இடம், இருக்குன்னு வைங்க. அது நிறைஞ்சு நிக்குறப்ப 256 கேபிபிஎஸ்ல காலி ஆகறதுக்கு ரெண்டு செகண்ட் ஆகும். கம்ப்யூட்டர் லேன்ல 100 எம்பில தள்ளுது, மோடம் எல்லாத்தையும் "வா வா"ன்னு வாங்கி வச்சுக்குது, ஒண்ணைக்கூட டிராப் பண்ணாததால ஃபைலை அனுப்புற டிசிபிக்கு நெரிசல்னே தெரியல, இன்னும் தள்ளுது. பேச்சு பாக்கெட் அந்த ரெண்டு செகண்ட் வரிசைக்குப் பின்னாடி போய் நிக்குது. இதுக்கு பஃபர்ப்ளோட்னு ஜிம் கெட்டிஸ்ங்கற கம்ப்யூட்டர் இன்ஜினியர் பேரு வச்சது 2010 வாக்குலதான், ஆனா வியாதி அதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம தோப்பு லைன்ல எல்லாம் இருந்துச்சு. அப்லோடு அடைச்சா டவுன்லோடும் படுத்துரும், ஏன்னா கீழ வர்ற டேட்டாவுக்கு "வந்துருச்சு"ன்னு சொல்ற அக்னாலெட்ஜ்மென்ட்டும் அதே வரிசைலதான் மேல போகணும்.

இப்ப அந்த எட்டு வரிக்கு வர்றேன். ஏடிஎஸ்எல் லைனுக்கு உள்ள ஓடுறது ஏடிஎம், பணம் எடுக்குற மெஷின் இல்ல, செல் கணக்கா டேட்டாவை வெட்டி அனுப்புற முறை. ஒரு செல் 53 பைட், அதுல 5 பைட் தலைப்பு, 48 பைட் சரக்கு. இந்த 48 எப்படி வந்துச்சுன்னு கேட்டா சிரிப்பு வரும். 1980களோட கடைசில உக்காந்து பேசுனப்ப அமெரிக்காக்காரங்க 64 வேணும்னாங்க, ஐரோப்பாக்காரங்க 32 போதும்னாங்க. போன் பேச்சு 64 கேபிபிஎஸ்ல வர்றப்ப 64 பைட் நிரம்ப 8 மில்லிசெகண்ட் ஆகும், 32-ன்னா 4. செல் நிரம்புற வரைக்கும் காத்திருந்தா எதிரொலி தொந்தரவு, சின்ன நாட்டுக்காரங்களுக்கு அந்த 4 மில்லிசெகண்ட் மிச்சமானா எக்கோ கேன்சலர் செலவு மிச்சம். கடைசில ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துட்டாங்க. பஞ்சாயத்துத் தீர்ப்பேதான். ஆனா ஒண்ணு கவனிங்க, செல்லு சின்னதா இருக்கறதுக்குக் காரணமே பேச்சு. அதை வச்சுக்கிட்டு நாம பேச்சை ஆல்பத்துக்குப் பின்னாடி நிக்க வச்சோம்.

இந்த வெட்டுறதுக்கு ஒரு கூலி இருக்கு. லைன்ல லாகின் பண்ற முறையான பிபிபிஓஇ-ல அதிகபட்ச ஐபி பாக்கெட் 1492 பைட். அதுக்கு மேல பிபிபிஓஇ-பிபிபி தலைப்பு 8, ஈதர்நெட் தலைப்பு 14, பாக்கெட்டைச் சுத்தற எல்எல்சி 10, செல்லா வெட்டி ஒட்டுற ஏஏஎல்5 வால் 8, மொத்தம் 40 கூடி 1532. 48-ஆல வகுத்தா 32 செல், ஒரு செல்லுக்கு 53 வீதம் லைன்ல போறது 1696 பைட். அதுல டிசிபி-ஐபி தலைப்பையும் கழிச்சா உண்மையான சரக்கு 1452, அதாவது நூத்துக்கு 85 சொச்சம். 2 எம்பி லைன்ல டவுன்லோடு போட்டா 256 கேபி வரணுமேன்னு நினைச்சவங்களுக்கு 219, 220-லயே நின்னது ஞாபகம் இருக்கா? யாரும் திருடல, சிங்க் ரேட்டே 2048-ஆ இருந்தா செல் கூலி போக வர்றது அதுதான். சிங்க்கை உயர விட்டுட்டு பிளான் வேகத்தை மேல கம்பெனி பக்கத்து ரவுட்டரான பிராஸ்ல ஐபி கணக்குல கட்டுன இடத்துல 240-க்கு மேலயும் காட்டும். ஒரே பிளான், ரெண்டு தெரு, ரெண்டு நம்பர். டீக்கடைல இதுக்காக சண்டையே போட்டிருக்காங்க.

சின்ன பாக்கெட்டுக்குத்தான் கூலி குத்தும். 40 பைட் அக்னாலெட்ஜ்மென்ட், கூட 40 சேந்து 80, ரெண்டு செல், 106 பைட். ஜி.729 பேச்சுன்னா கோடெக், அதாவது பேச்சைச் சுருக்கற முறை, வெறும் 8 கேபிபிஎஸ்தான், ஆனா 20 பைட் பேச்சுக்கு 40 பைட் தலைப்பு, அதுக்கு மேல இந்த 40, ஆக 100 பைட், மூணு செல், 159 பைட். செகண்டுக்கு 50 பாக்கெட் போனா 63.6 கேபிபிஎஸ். எட்டு கேபி பேச்சு லைன்ல அறுபத்து மூணரை கேபி தின்னுது. இது தெரியாம "பேச்சுக்கு 8 கேபிதான், ஒதுக்கிட்டேன்"னு வேகத்தைக் கட்டுற ஷேப்பர் போட்டவங்க உண்டு, அப்புறம் கால் ஏன் கரகரங்குதுன்னு போனை மாத்திட்டு இருப்பாங்க.

விசிங்கற தனிப்பாதை எதுக்குன்னு இங்கதான் புரியும். ஒரு பெரிய பாக்கெட் 1696 பைட், 256 கேபிபிஎஸ்ல அது கிளம்ப 53 மில்லிசெகண்ட் ஆகும். ஒரே பிவிசில ஏஏஎல்5 பாக்கெட் ஒண்ணோட 32 செல்லும் வரிசையா போய்த்தான் ஆகணும், நடுவுல வேற பாக்கெட் செல் நுழைஞ்சா அந்தப் பக்கம் ஒட்டுறப்ப ரெண்டும் கந்தல் ஆயிரும். அப்ப நீங்க எவ்வளவு பிரயாரிட்டி குடுத்தாலும், ஆல்பம் பாக்கெட் ஒண்ணு கிளம்பிட்டா பேச்சு 53 மில்லிசெகண்ட் நிக்கத்தான் வேணும். ஆனா பேச்சு தனி விசில இருந்தா செல் தலைப்புலயே வேற நம்பர் இருக்கு, ஆல்பத்தோட பத்தாவது செல்லுக்கும் பதினொண்ணாவது செல்லுக்கும் நடுவுல பேச்சு செல் பூந்து போயிரலாம், காத்திருக்குறது ஒரு செல் நேரம், அதாவது ரெண்டு மில்லிசெகண்டுகூட இல்ல. மெல்லிசான லைன்ல இது சாதாரண வித்தியாசம் இல்லீங்க.

அந்த மூணு சைபருக்கும் இப்ப அர்த்தம் சொல்றேன், எங்க ஊர் தண்ணியை வச்சே சொல்றேன். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியா வருசத்துக்கு 7.25 டிஎம்சி இந்தப் பக்கம் வரணும். வருச முடிவுல கூட்டிப் பாத்து கணக்கு சரின்னு காட்டலாம், ஆனா நாத்து காயுற நேரத்துல தண்ணி வரலேன்னா விவசாயிக்கு அந்தக் கணக்கு எதுக்கு? எஸ்சிஆர்ங்கறது அந்த சராசரிக் கணக்கு. பிசிஆர்ங்கறது ஷட்டரை அதிகபட்சம் எவ்வளவு தூக்கலாம்னு, அதுக்கு மேல தூக்குனா வாய்க்கால் கரை உடையும். எம்பிஎஸ்ங்கறது முழுசா தூக்குன ஷட்டரை எவ்வளவு நேரம் அப்படியே விடலாம்னு. சிபிஆர்னு போட்டா சராசரியும் உச்சமும் ஒண்ணு, எப்பவும் ஒரே சீரா ஓட ஒதுக்கி வச்சது. யூபிஆர்னா கடைமடைக்காரன், எல்லாரும் பாய்ச்சுனது போக மிச்சம் இருந்தா எடுத்துக்க.

இதையெல்லாம் மோடத்துல கேபிபிஎஸ்ல போடக்கூடாது, செகண்டுக்கு எத்தனை செல்னு போடணும், இதுலதான் நிறைய பேர் வழுக்குவாங்க. ஒரு செல் 424 பிட். 256 கேபிபிஎஸ்ன்னா செகண்டுக்கு 603 செல். ஜி.729 ஒரு காலுக்கு 50 பெருக்கல் 3, 150 செல். அப்ப பேச்சு விசிக்கு சிபிஆர், பிசிஆர் 160-ன்னு கொஞ்சம் தளர்வா போட்டு, டேட்டா விசியை யூபிஆர்ல விட்டா, பேசுறப்ப டேட்டாவுக்கு 440 செல் சொச்சம் கிடைக்கும், பேசாதப்ப 603-ம் டேட்டாவுக்கே. எதுவும் வீணாகாது. ஜி.711-ங்கற கோடெக்னா 200 பைட் பாக்கெட்டு, கூட 40, சரியா அஞ்சு செல், ஒரு பைட்டுகூட மிச்சம் இல்ல. செகண்டுக்கு 250 செல். அந்தக் கணக்கு கச்சிதமா விழறதைப் பாத்தப்ப எனக்கு ஒரு சந்தோசம், சொன்னா சிரிப்பீங்க.

சரி, ஸ்டுடியோவுல ரெண்டாவது விசி போட்டாச்சான்னா, இல்ல. மோடத்துல நாம வரி சேத்தா மட்டும் போதாது, எக்ஸ்சேஞ்ச் பக்கத்துப் பெட்டியான டிஸ்லாம்ல அந்த போர்ட்டுக்கு அதே விபிஐ-விசிஐ திறந்திருக்கணும், மேல அதை எங்க கொண்டு போய் சேக்கறதுன்னும் இருக்கணும். அதான் பிவிசில பி-க்கு பர்மனென்ட்னு பேரு, ரெண்டு பக்கமும் ஆளு உக்காந்து போட்டு வைக்கணும். வீட்டு கனெக்‌ஷனுக்கு ஒரு பிவிசிக்கு மேல கிடையாதுன்னு மேல இருந்து உத்தரவு. டெம்ப்ளேட் ஒண்ணு, அதை அப்படியே எல்லா போர்ட்டுக்கும் ஏத்து, கேள்வி கேக்காதே. இத்தனைக்கும் டிஸ்லாம் கார்டு எட்டு விசி தாங்கும்னு மேனுவல்லயே போட்டிருந்துச்சு.

அதனால வழி ரெண்டாவது, ஷேப்பிங்கை நம்ம கைல எடுத்துக்கறது. மோடத்தை பிரிட்ஜ் மோடுல, வெறுமனே கடத்தி விடற மாதிரி, போட்டு, பின்னாடி லினக்ஸ் ஓடுற ஒரு சின்ன ரவுட்டர் வச்சு, பிபிபிஓஇ டயலை அதுல போட்டேன். தத்துவம் ஒண்ணுதான், லைன் போற வேகத்தைவிட கொஞ்சம் கம்மியா நாமளே அனுப்புனா மோடத்தோட பஃபர் நிறையவே நிறையாது, வரிசை நம்ம ரவுட்டருக்குள்ள வந்துரும், இங்க யாரு முன்னாடி போகணும்னு நாம சொல்லலாம். லினக்ஸோட எச்டிபி ஷேப்பர்ல மொத்தத்துக்கு ஒரு மூடி, உள்ள பேச்சுக்கு ஒரு கிளாஸ், மீதிக்கு ஒரு கிளாஸ். அப்ப எஃப்க்யூ-கோடெல்ங்கற வரிசை முறை வந்திருந்துச்சு, லினக்ஸ் 3.5-ல சேத்தது. அதுக்கு அடிப்படையான கோடெல், கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல போட்டது, வரிசை எவ்வளவு நீளம்னு பாக்காம பாக்கெட் எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு பாக்கும். அந்த ஒரு மாத்தம் எவ்வளவு பெருசுன்னு மெல்லிசு லைன் வச்சிருக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

இதுல ஒரு சூட்சுமம். மூடியை 220 கேபிபிஎஸ்னு சும்மா போட்டா பெரிய பாக்கெட்டுக்கு லைன்ல 250 ஆகும், 256-க்குள்ள, சரி. ஆனா சின்ன பாக்கெட் நிறைய போறப்ப 60 பைட் 159 ஆகுதே, 40 பைட் 106 ஆகுதே, ரவுட்டர் 220-ன்னு நினைச்சுட்டு இருக்கும், லைன்ல அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல போய் முட்டும், மறுபடி மோடத்துல வரிசை. காலைல நல்லா இருக்கு, சாயந்தரம் கெட்டுப் போகுதுன்னு சொல்ற கேஸ் நிறைய இதுதான். அதுக்கு லினக்ஸ்ல ஷேப்பர் போடற டிசி கமாண்டுல லிங்க்லேயர் ஏடிஎம், ஓவர்ஹெட் 40-ன்னு சொல்லிட்டா, ஒவ்வொரு பாக்கெட்டையும் செல் கணக்குல அதுவே அளந்துக்கும். இப்பத்தைய கேக்-ங்கற ஷேப்பர்ல, லினக்ஸ் 4.19-ல 2018-ல வந்துச்சு, எந்த வகை என்கேப்சுலேஷன், அதாவது பாக்கெட்டைச் சுத்தற முறைன்னு ஒரு வார்த்தை போட்டாலே அந்த 40-ஐயும் செல்லையும் எடுத்துக்குது. அன்னிக்கு கைல போட்டேன். ஆல்பம் ஏறிட்டே இருக்க பிங் 38-லேர்ந்து 90, 100-க்குள்ள ஆடுச்சு. அந்த மிச்ச ஆட்டம் மேல சொன்ன 53 மில்லிசெகண்ட்தான், ஒரே விசிங்கறதால அதை ஒண்ணும் பண்ண முடியாது. அம்மாவுக்கு அது போதும். ஆல்பம் கொஞ்சம் லேட்டா போச்சு, பிரஸ்காரருக்கு அது தெரியக்கூட தெரியாது.

ஷேப்பிங்கையும் போலீசிங்கையும் ஒண்ணா நினைக்கறவங்க நம்ம ஃபீல்டுலயே உண்டு. ஷேப்பர் நிறுத்தி வச்சு அனுப்பும். போலீசர் நிறுத்தாது, அளவு மீறுன செல்லைத் தூக்கி எறியும், இல்லேன்னா தலைப்புல சிஎல்பி-ன்னு ஒரு பிட்டை ஒண்ணாக்கி "நெரிசல்னா முதல்ல இவனைப் போடு"ன்னு முத்திரை குத்தி விடும். ஏடிஎம்ல எறியறது ரொம்பக் கொடுமை, ஏன்னா 32 செல்லுல ஒண்ணு போனா மத்த 31-ம் குப்பை, ஆனா அந்தக் குப்பை லைன் முழுக்க பயணம் பண்ணி கடைசிலதான் குப்பைன்னு தெரியும். ஆலின் ரொமனோவும் சாலி ஃபிளாய்டும் 1994-லயே இதை எழுதியாச்சு, செல்லா எறியாதீங்க, எறியறதுன்னா பாக்கெட் முழுசா, ஆரம்பத்துலயே எறிங்கன்னு. பெட்டிகள்ல அந்த வசதியும் இருந்துச்சு. டிக் பண்ணியிருக்கான்னு பாக்கறதுக்குத்தான் ஆள் இல்ல.

ரெண்டு விசி ஒழுங்கா ஓடுன இடமும் உண்டு, ஒரு பால் சொசைட்டி. ஆபீஸ் கனெக்‌ஷன்ங்கறதால 0/35-ல டேட்டா, 0/36-ல தலைமை ஆபீஸோட பேசுற ஐபி போன். காலைலயும் சாயந்தரமும் பால் ஊத்தறப்ப ஒவ்வொருத்தருக்கும் எடை, கொழுப்பு, எஸ்என்எஃப்ங்கற கொழுப்பில்லாத சத்து எல்லாம் ஏறும், எல்லாம் குட்டிக் குட்டி பாக்கெட்டு. ஒரு இடிக்கு மோடம் போச்சு, யாரோ புது மோடம் மாட்டிட்டுப் போயிட்டாங்க, நெட் வந்துருச்சு, போன் மட்டும் செத்துக் கிடக்கு. போனை மாத்திப் பாத்தாச்சு, கேபிளை மாத்திப் பாத்தாச்சு, ஸ்ப்ளிட்டரைக்கூட மாத்தியாச்சு. நான் போனப்ப செக்ரட்டரி அக்கா கேட்டாங்க, "ஏந்தம்பி, பால் கணக்கு போகுது, பேச்சு மட்டும் போகலேங்கறீங்க, ஒரே கம்பிதானுங்களே?"

நல்ல கேள்வி. புது மோடத்துல 0/35 மட்டும்தான் இருந்துச்சு. 0/36 வரி சேத்தேன், டயக்னோஸ்டிக்ஸ் பக்கத்துல எஃப்5 லூப்பேக் போட்டேன். இது லைனைச் சோதிக்கற ஓஏஎம் செல், பாக்கெட் எதுவும் தேவையில்ல, அந்த விசி வழியா ஒரு செல் போய் டிஸ்லாம் தொட்டுத் திரும்பி வரும். செக்மென்ட் டெஸ்ட் பாஸ். மறு முனை வரைக்கும் போற எண்ட்-டு-எண்ட்டும் பாஸ். போன் அப்பவும் செத்துத்தான் கிடந்துச்சு. அக்கா டீ குடுத்துட்டு என்ற மூஞ்சியைப் பாத்துட்டு நிக்கறாங்க. விசயம் என்னன்னா ஓஏஎம் சொல்றது விசி உயிரோட இருக்கான்னு மட்டும், உள்ள போற பாக்கெட்டை எப்படிச் சுத்தி வைக்கறதுங்கற விவரம் அதுக்குத் தெரியாது. டேட்டா விசி எல்எல்சி, பேச்சு விசியை யாரோ முன்னாடி விசி-மக்ஸ்ங்கற வேற சுத்தற முறைல போட்டிருந்தாங்க, ரெண்டு பைட் தலைப்புல தொடங்கற மாதிரி. இங்க டிஃபால்ட்டா எல்எல்சி நின்னுச்சு. ட்ராப்டவுனை மாத்தி சேவ் பண்ணதும் போன்ல பச்சை லைட்டு. செல் போகுது, பாக்கெட் போகலன்னா முதல்ல என்கேப்சுலேஷனைப் பாக்கணும்னு அதுக்கப்புறம் கூட வேலை பாத்த பசங்க எல்லாருக்கும் சொல்லிட்டே இருப்பேன், பாதிப் பேர் அப்பவும் போனைத்தான் மாத்துவாங்க.

ஆரம்ப காலத்துல சின்ன எக்ஸ்சேஞ்சுல இந்த விசி எல்லாம் மோடத்துல கிளம்பி மேல பெரிய ஊர் வரைக்கும் ஏடிஎம்மாவே போகும், டிஸ்லாமுக்கு மேல ஈ1-ங்கற 2 எம்பி லைன் சிலதைக் கட்டி ஐஎம்ஏ-ன்னு ஒண்ணாக்கி விட்டிருப்பாங்க. நாலு ஈ1-ன்னா 8 எம்பி, கீழ நூறு வீடு. ராத்திரி 2 மணிலேர்ந்து காலைல 8 வரைக்கும் எவ்வளவு இறக்குனாலும் காசு இல்லேன்னு பிளான் வந்த காலத்துல, 2 மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு டவுன்லோடு போட்டு மறுபடி படுத்த ஊர் இது. 2 மணி 5 நிமிசத்துக்கு அந்த 8 எம்பி கிராஃப் தலை தட்டிரும். அப்புறம் ஐபி டிஸ்லாம் வந்துச்சு, மேல ஜிகாபிட் ஈதர்நெட், 2006-ல வந்த டிஆர்-101-ங்கற தரக்குறிப்பு சொன்ன மாதிரி விசி டிஸ்லாமோட நின்னு அங்கிருந்து விலேனா, அதாவது ஈதர்நெட்டுக்குள்ள தனிப்பாதையா, மாறிப் போச்சு. அதுக்கப்புறம் 0/35-க்கு உயிர் அந்த ரெண்டு மூணு கிலோமீட்டர் செம்புக்கம்பில மட்டும்தான். விடிஎஸ்எல்2-ல அதுவும் போச்சு, பிடிஎம்னு வேற முறை, செல்லும் இல்ல, செல் கூலியும் இல்ல.

இப்ப கம்பி எல்லாம் சுருட்டி எடுத்துட்டு ஃபைபர் வந்தாச்சு, ஊர்ல பாதி சுவத்துல வெள்ளைப் பெட்டி தொங்குது. போனவாரம் ஒரு வீட்ல நெட் வேலை செய்யுது, லேண்ட்லைன் மட்டும் செத்துக் கிடக்குன்னு கூப்பிட்டாங்க. இந்த ஃபைபர் முறைக்குப் பேரு ஜிபான், அதுல ஒவ்வொரு சர்வீசுக்கும் ஜெம் போர்ட்னு ஒண்ணு, அதை மேல ஏத்தறதுக்கு டி-கான்ட்னு ஒண்ணு, அந்த டி-கான்ட்ல நிரந்தர ஒதுக்கீடு, உறுதியளிச்ச ஒதுக்கீடு, மிச்சம் இருந்தா எடுத்துக்கன்னு வகை வகையா இருக்கும். சிபிஆர், சராசரி வேற உச்சம் வேறங்கற விபிஆர், யூபிஆர்தாங்க, பேரு மட்டும் மாத்தம். பேச்சுக்கான ஜெம் போர்ட் போடாமலே விட்டிருந்தாங்க. கூட வந்த தம்பி அதுக்குள்ள போனைக் கழட்டி வேற போன் மாட்டிட்டு இருந்தான்.

50 எம்பி அப்லோடுல அதே 64 கிலோபைட் வரிசை காலி ஆக 10 மில்லிசெகண்ட்தான், அதனால ஃபைபர் வீட்ல பழைய வியாதி தெரியறது இல்ல, வைஃபைல போய் ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. தோப்புக்குள்ள ஃபைபர் போகாத வீட்ல இப்ப மொபைல் சிம் போட்ட டப்பாதான், அதுல அப்லோடு போட்டா வரிசை செகண்ட் கணக்குல நீளுது. உங்க லைன்ல சந்தேகம்னா ஒரு பக்கம் பெரிய ஃபைலை ஏத்திக்கிட்டே இன்னொரு பக்கம் பிங் போடுங்க. சும்மா இருக்குறப்ப வர்றதைவிட நூறு இருநூறு மில்லிசெகண்ட் ஏறுச்சுன்னா, பிளானை மாத்தறதுக்கு முன்னாடி ரவுட்டர்ல அப்லோடை அளந்த வேகத்துல நூத்துக்கு 85-ன்னு கட்டிட்டு மறுபடி பிங் போட்டுப் பாருங்க. பழைய செம்புக்கம்பி இன்னும் யாராவது வச்சிருந்தீங்கன்னா அந்த ஓவர்ஹெட் 40-ஐ மறக்காம போடுங்க, விசி-மக்ஸ்ன்னா 32.